விதையில்லாத மரத்தின் கன்றுகள்

"யோக்கியன் மாதிரிப் பேசாதடா! ராவோட ராவா வந்து நட்டுட்டுப் போனது நீதான்!"

"நான் நட்டத நீ பாத்தியா? கண்ணால பாத்தியா?"

"பாக்க வேற வேணுமா? உன் மரத்துக் கன்னு என் கரும்புக்குள்ள நிக்குது. நூல் புடிச்ச மாதிரி வரிசையா நிக்குது. காலு மொளச்சு நடந்து வந்துச்சா மச்சான்?"

"வந்திருக்கும். உன் மூஞ்சியப் பாத்தும் திரும்பி ஓடாம நிக்குதேன்னுதான் எனக்கு ஆச்சரியம்."

அடுத்து என்னவோ உடையும் சத்தம் கேட்டது. பாக்கியம் ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து ஓடினாள்.

கத்திக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் மருதை. நக்கல் பேசியவன் அவள் கூடப்பிறந்த அண்ணன் நல்லதம்பி. மருதை எறிந்த கல்லில் நல்லதம்பி வீட்டு வாசலில் இருந்த தண்ணீர்ப் பானை உடைந்து, தண்ணீர் செம்மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. மருதையின் கையில் கரும்புக் கத்தி. எல்லையோரம் முழங்கால் உயரத்துக்கு நின்ற ஈரப்பலாக் கன்றுகளைக் குனிந்து ஒவ்வொன்றாக அடியோடு சீவினான். சீவியதை எல்லாம் வாரி அண்ணன் பக்கம் வீசினான். கை அகலத்துக்கு விரல் விரலாகப் பிளந்த இலைகள் நல்லதம்பியின் மேல் போய் விழுந்தன. வெட்டிய தண்டில் வடிந்த வெள்ளைப் பால் அவன் சட்டையில் ஒட்டியது.

"இன்னொரு தடவ நட்டா கன்ன வெட்ட மாட்டேன். உன்னத்தான் வெட்டுவேன்" என்றான் மருதை.

"வாய் நல்லாத்தான் வெட்டுது" என்றான் நல்லதம்பி.

பாக்கியம் நடுவில் போய் நின்றாள். "அண்ணே, நீ உள்ள போ. உனக்குக் கையெடுத்துக் கும்புடுறேன், உள்ள போ."

அவன் போனான். ஆனால் போகும்போது மருதையைப் பார்த்துத் துப்பிவிட்டுத்தான் போனான்.

இது நடந்தது லாங் மவுண்டனில், மலை அடிவாரத்தில், 1911ஆம் வருஷம் மழை பிடித்த சமயம். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாகப் போட்டு, கரும்பு வெட்டக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த நம் ஆட்களுக்கு விற்றார்களே, அப்போது பாக்கியத்தின் அப்பா வாங்கிய நிலம் அது. மனுஷன் சாகும்போது நடுவில் கல்லை நட்டு, மேற்குப் பாதி மகனுக்கு, கிழக்குப் பாதி மகளுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். மகளுக்கு நிலமா என்று ஊரே வாயைப் பிளந்தது. நல்லதம்பி மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அம்மா இல்லாத தங்கச்சியைத் தூக்கி வளர்த்தவன் அவன். பெண்டாட்டி பேறுகாலத்தில் செத்த பிறகு வேறு கல்யாணமும் செய்யவில்லை. பாக்கியத்துக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

ஈரப்பலா மரம் அண்ணன் பக்கத்தில், எல்லைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. அப்பா பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது சின்னக் கன்றாகக் கூடையில் கொண்டுவந்து வைத்தது. அங்கே கன்றை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பலாவுக்குக் கொட்டை உண்டு, ஈரப்பலாவுக்குக் கிடையாது. காயை வெட்டினால் உள்ளே ரொட்டி மாதிரி வெறும் சதை. காக்கை தின்று எச்சத்தில் போட விதை இல்லை, வெள்ளம் அடித்துக்கொண்டு வர விதை இல்லை. அப்படியானால் ஒரு கன்று நிற்கிறது என்றால் மனுஷக் கை வைத்ததுதான். மருதையின் கணக்கு இதுதான். ஊரில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் தப்பு சொல்லவில்லை.

அதுவும் வரிசையாக நின்றதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. எல்லைக் கல்லை எவனும் இருட்டில் நகர்த்திவிடலாம் என்பதால், கரும்புக்காரர்கள் நடுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கரும்பு வெட்டு முடியும்வரை ஒரு செடி வரிசை பிடுங்கப்படாமல் நின்றுவிட்டால், அதுதான் எல்லை. இந்தக் கன்றுகள் நின்றதோ கல்லுக்கு இந்தப் பக்கம், மருதையின் மண்ணில். விட்டுவைத்தால் கரும்பு ஒரு வரிசை போய்விடும் என்று நினைத்தான். பெண்டாட்டி வழியில் வந்த நிலம் என்று ஊர் ஏற்கெனவே அவனைக் கேலி பேசிக்கொண்டிருந்தது. அந்த மண்ணில் ஒரு சாண் போனாலும் அவனுக்கு மானம் போன மாதிரி.

நல்லதம்பிக்கு வேறு கணக்கு. மரத்தின் நிழல் விழுவதால் கரும்பு சோடை போகிறது என்று மருதை ரொம்ப நாளாகப் புலம்புகிறவன். மரத்தை வெட்டச் சொல்ல ஒரு சாக்கு வேண்டும், அதற்காக இவனே எங்கிருந்தோ கன்றைக் கொண்டுவந்து நட்டுக்கொண்டு நாடகம் போடுகிறான் என்று அவன் நினைத்தான்.

வெட்டிய கன்றுகள் மழைக்குப் பிறகு மறுபடியும் வந்தன. முன்னைவிட நெருக்கமாக வந்தன.

மருதை ராத்திரியில் கரும்புக்குள் கத்தியோடு படுத்துக் காவல் காத்தான். ஒருத்தரும் வரவில்லை. ஆனாலும் பார்க்கப் பார்க்கப் புதுத் துளிர் எட்டிப் பார்த்தது. அவன் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். தான் காவலுக்குப் போகாத சமயம் பார்த்து மச்சான் வருகிறான். அதை அவனுக்குச் சொல்வது யார்? வீட்டுக்குள் இருக்கிறவள்தான். பாக்கியத்தைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து அம்மிக்கல்லில் மோதினான்.

"உங்கண்ணனுக்கு ஒத்தாசையா? என் சோத்தத் தின்னுட்டு அவனுக்குச் சொல்லிக் குடுக்குறியா?"

"யாருங்க சொன்னது? சத்தியமா நான் அந்தப் பக்கமே போகல."

"சத்தியம் வேறயா!" மறுபடியும் அடித்தான்.

மறுநாள் வீங்கிப்போன கண்ணோடு அவள் தண்ணீருக்குப் போனதை நல்லதம்பி பார்த்துவிட்டான். அன்றைக்கு அவன் நக்கல் பேசவில்லை. நேராக மருதையின் வாசலுக்கு வந்து நின்றான்.

"கோயிலுக்கு வா" என்றான். "அம்மன் முன்னால கற்பூரம் அணச்சுச் சத்தியம் பண்ணுவோம். நீயும் பண்ணு, நானும் பண்றேன். பொய் சொன்னவன அவ பாத்துக்குவா. அதுக்கப்புறம் என் தங்கச்சி மேல கை வச்சே, அவ பாக்குற வரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன்."

மாரியம்மன் கோயிலில் பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றிப் பிடித்தார். நல்லதம்பி எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்து, "நான் நடல, ஆளு வச்சும் நடல" என்றான். பூசாரி மறுபடியும் ஏற்றினார். மருதையும் அணைத்தான். "நான் நடல, ஆளு வச்சும் நடல." இரண்டு பேர் கையும் கொப்பளித்தது. பூசாரி இரண்டு நெற்றியிலும் திருநீறு பூசி, "முடிஞ்சுது, இனிமே வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

பாக்கியம் பெருமூச்சு விட்டாள். இனி அடங்கிவிடும் என்று நம்பினாள். ஆனால் திரும்பி வரும் வழியில் மருதையின் முகத்தைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது. அவன் தான் செய்தது உண்மைச் சத்தியம் என்று அறிந்தவன். அப்படியென்றால் மற்றவன் அம்மன் முன்னால் நின்று பொய் சொல்லியிருக்கிறான். நல்லதம்பியும் அதே மாதிரிதான் நடந்துகொண்டிருந்தான். அதுவரை மண்ணுக்காகச் சண்டை போட்டார்கள். இப்போது ஒவ்வொருவனுக்கும் எதிரே இருப்பவன் சாமியையே ஏமாற்றிய பாவி. அந்த மாதிரி ஆளைக் கொன்றால் தோஷம் கிடையாது என்று மருதை அவள் காதுபட ஒருதரம் சொன்னான். சிரிக்காமல் சொன்னான்.

அண்ணன் உயிரோடு இருக்க வேண்டும். அந்த நாட்களில் அவள் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

மழை விட்ட ஒரு காலைப்பொழுது. கன்றுகள் மறுபடியும் தலை தூக்கியிருந்தன. மருதை அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் கரும்புக் கத்தியைச் செருகிக்கொண்டு, கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லைத் தாண்டி மச்சான் நிலத்துக்குள் போனான். மரத்தின் பட்டையில் முதல் வெட்டு விழுந்தது. பால் பொங்கிக்கொண்டு வந்தது. சுற்றிவர வெட்டினான். மரம் முழுக்க வெள்ளையாக வடிந்து, அவன் கை, முகம், கோடாலிப் பிடி எல்லாம் பிசினாக ஒட்டியது.

நல்லதம்பி வீட்டிலிருந்து ஒரு உலக்கையோடு ஓடிவந்தான்.

"எங்கப்பா வச்ச மரம்டா அது!"

"உங்கப்பன் வச்ச மரம், நீ நட்ட கன்னு, ரெண்டுக்கும் இன்னையோட முடிவு!"

உலக்கை மருதையின் முதுகில் இறங்கியது. அவன் குப்புற மரத்தில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் பாலோடு கலந்து ஒழுகியது. இரண்டாவது அடி விழுவதற்குள் திரும்பிவிட்டான். கோடாலி பிசினில் வழுக்கிக் கையை விட்டுப் போனது. இடுப்பிலிருந்த கத்தியை உருவினான். நல்லதம்பி உலக்கையைக் குறுக்கே பிடித்தான். முதல் வீச்சு உலக்கையில் பட்டது. இரண்டாவது வீச்சு கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் இறங்கியது. கரும்பு வெட்டிப் பழகிய கை அது, ஒரே வெட்டில் ஒரு தூரையே சாய்க்கிற கை. எலும்பில் கத்தி பட்ட சத்தம் பாக்கியத்தின் காதில் விழுந்தது.

அவள் அப்போது எல்லைக்கு ஓடிவந்திருந்தாள். கொல்லையில் கிடந்த, மண் கொத்துகிற குந்தாலி எப்படித் தன் கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது.

ரோட்டில் கரும்பு வண்டியோடு போய்க்கொண்டிருந்த க்ளெமான், ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற, கிரியோல் மொழி பேசுகிற ஆள், வண்டியை நிறுத்திவிட்டு, "அரேத்தே! மருதை, அரேத்தே!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவர் தூரத்தில் இருந்தார்.

நல்லதம்பி தள்ளாடிப் பின்வாங்கி, எல்லைக் கல் பக்கமாக வந்து மல்லாந்து விழுந்தான். மருதை பின்னாலேயே வந்தான். பாக்கியம் குறுக்கே பாய்ந்தாள். காய்ந்த கரும்பு இலைச் சோகை மூடியிருந்த பள்ளத்தில் கால் இறங்கி விழுந்தாள். அது மருதையே வெட்டிய பள்ளம். போன வருஷக் கரும்பு வெட்டு முடிந்த கையோடு, மரத்தின் வேர் தன் மண்ணுக்குள் வந்து தண்ணீர் குடிக்கிறது என்று எல்லையோரம் நீளமாகக் குந்தாலி போட்டு, அகப்பட்ட வேரை எல்லாம் கொத்திவிட்டு, மேலே சோகையைத் தள்ளி மூடிய பள்ளம்.

எழுந்திருக்கக் கையில் அகப்பட்ட ஒரு கன்றைப் பிடித்து இழுத்தாள். நட்ட கன்றாக இருந்தால் அவள் இழுத்த இழுப்புக்குக் கையோடு வந்திருக்கும். வரவில்லை. அதற்குப் பதிலாக மண் பாளம் பாளமாகக் கிளம்பியது. கன்றுக்கு அடியில் மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு வேர் மேலே வந்தது. அது மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே, படுத்த மாதிரி, கல்லுக்கு அடியாக மரத்தை நோக்கிப் போனது. வேரில் பழைய குந்தாலி வெட்டு ஒன்று. ஆறிப்போய் உதடு மாதிரித் தடித்திருந்தது. அந்த உதட்டிலிருந்துதான் கன்று முளைத்திருந்தது.

இந்த மரத்தின் குணமே அதுதான். விதை இல்லாததால் அது வேரிலிருந்து குட்டி போடும். சும்மா இருக்கிற வேரில் எப்போதாவதுதான் முளைக்கும். காயம் பட்ட வேரில் காயம் பட்ட இடத்திலேயே முளைக்கும். மருதையின் பள்ளம் போன வழியேதான் கன்றுகள் வரிசை கட்டி நின்றன. மேலே சீவினால் பக்கத்தில் இன்னும் இரண்டு வரும். மருதை ஒரே ஒரு கன்றை வேரோடு பிடுங்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் அவன் கரும்புக்காரன். எதையும் பிடுங்கிப் பழக்கமில்லை. குனிந்து அடியோடு சீவுவதுதான் அவனுக்குத் தெரிந்த வேலை.

"யாரும் நடல!" என்று பாக்கியம் அலறினாள். "ஏங்க, வேரு! இங்க பாருங்க, வேருலருந்து வருது! யாரும் நடலங்க!"

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. கீழே கிடந்தவனின் நெஞ்சில் ஒரு காலை வைத்தான். கத்தியை ஓங்கினான். நல்லதம்பி ஒரு கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையை வெறுமனே தூக்கினான்.

பாக்கியம் பள்ளத்தில் மண்டிபோட்டபடியே குந்தாலியின் பின்பக்கத்தை வீசினாள். ஊன்றியிருந்த காலின் முழங்காலில் பட்டது. மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். மருதை கத்திக்கொண்டே பக்கவாட்டில் சரிந்தான். அப்போதும் கத்தியை விடவில்லை. அவள் எழுந்து அந்தக் கை மேல் ஏறி நின்றாள். விரல் விரியும்வரை மிதித்தாள். கத்தியை எடுத்துக் கரும்புக்குள் வீசினாள்.

"அடியே, புருஷன் காலையா ஒடச்ச?"

அவள் அவனைச் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று பள்ளத்துக்கு இழுத்தாள். அவன் வலியில் ஊளையிட்டான். அவன் கையை எடுத்து வேரின் மேல் வைத்து அழுத்தினாள்.

"தடவிப் பாரு. இது யார் போட்ட வெட்டு? சொல்லு, யார் போட்ட வெட்டு?"

மருதை வேரைப் பார்த்தான். வெட்டுத் தழும்பில் விரலை வைத்தான். வேர் கல்லுக்கு அடியில் போவதைப் பார்த்தான். பக்கத்துக் கன்றைத் தானே பிடித்து இழுத்துப் பார்த்தான். அதுவும் வேரோடுதான் கிளம்பியது.

"நீதான் நட்டதா நெனச்சேன்டா" என்றான் நல்லதம்பி, கீழே கிடந்தபடி. பேசப் பேச விரலிடுக்கில் ரத்தம் குமிழியிட்டது. "அம்மன் மேல பொய்ச் சத்தியம் நீ பண்ணிட்டதா நெனச்சேன்."

"நானும்" என்றான் மருதை. அப்புறம் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான்.

க்ளெமான் வந்து சேர்ந்தார். தன் சட்டையைக் கிழித்து நல்லதம்பியின் தோளில் திணித்துக் கட்டினார். ரெண்டு பேரையும் கரும்பு வண்டியில் தூக்கிப் போட்டார்கள். வேறு வண்டி இல்லை. மச்சான்கள் இரண்டு பேரும் சோகை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். பாக்கியம் நடுவில் உட்கார்ந்து அண்ணனின் காயத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மருதை பல்லைக் கடித்தான்.

"பாக்கியம்" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "போலீஸ் கேட்டா, கரும்பு வெட்டையில கத்தி நழுவிடுச்சுன்னு சொல்லு. நான் வண்டியிலருந்து விழுந்துட்டேன்னு சொல்லு. நான் உள்ள போயிட்டா நீ என்ன பண்ணுவ?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். நல்லதம்பி கண்ணைத் திறக்காமலே, "சொல்லிடு தாயி" என்றான். "எனக்குப் பரவால்ல. அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் வீடு நெலைக்கட்டும்."

"அவருக்குத் தெரியாதது வேரப் பத்தி" என்றாள் பாக்கியம். "கத்திய ஓங்குனது தெரியாதா? என்னய அம்மியில மோதுனது தெரியாதா?"

க்ளெமானுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். புரிந்த மட்டும் போதும் என்பது போல் அவர் திரும்பிப் பார்க்காமல் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய ரோட்டில் ஒரு கான்ஸ்டபிள் வண்டியை நிறுத்தினான். சோகையில் ஊறியிருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கிரியோலில் கேட்டான். மருதை பெண்டாட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். நல்லதம்பி, "தாயி, வேணாம்" என்று முனகினான்.

"எங்கண்ணன வெட்டுனது என் புருஷன்" என்றாள் பாக்கியம். காயத்திலிருந்து கையை எடுக்காமல், கிரியோலிலேயே தெளிவாகச் சொன்னாள். "என் புருஷன் கால ஒடச்சது நான். ரெண்டையும் எழுதிக்கோ. எழுதிட்டுச் சீக்கிரம் வழி விடு, இவனுக்கு ரத்தம் நிக்கல."

நல்லதம்பி பிழைத்துக்கொண்டான். இடது கை தோளுக்கு மேல் தூக்க வராது, அவ்வளவுதான். மருதை ஜெயிலுக்குப் போனான். பாக்கியத்தை எச்சரித்து விட்டுவிட்டார்கள். இரண்டு பக்கக் கரும்பையும் அவளே பார்த்தாள். ஊரில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வெட்டுப்பட்டவனே மன்னித்துவிட்டான், மரம் செய்த வேலைக்குக் கட்டின புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று கோயிலில்கூடத் தள்ளி நின்றார்கள். மீதிப் பேர், அன்றைக்கு அவள் மறைத்திருந்தால் அடுத்த சண்டைக்கு ஒரு கன்றுகூடத் தேவைப்பட்டிருக்காது என்றார்கள்.

இதில் யார் சொல்வது நியாயம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த வண்டியில் அண்ணனின் காயத்தைப் பொத்திக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தால் கான்ஸ்டபிளிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? கதை நன்றாக இருக்கிறது என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பாக்கியம் சொன்னது சரியா தப்பா, எதனால் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் போடுகிறேன்.